மணிக்கு இரண்டு பிடி கீழே

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு பாறை இருந்ததாம். அந்தப் பாறைக்குக் கீழே ஒரே ஒரு அம்மா நின்றாளாம். அவள் ராட்சசியாம். இப்படித்தானே உங்களிடம் ஆரம்பித்திருப்பார்கள்? தண்ணீர்க் கேன் பக்கத்தில் சபீனா உங்கள் காதில் என்னவோ சொன்னதையும், நீங்கள் சட்டென்று திரும்பி என்னைப் பார்த்ததையும் நான் கவனித்தேன். பரவாயில்லை. அவர்கள் கதையைக் கேட்டுவிட்டீர்கள், என் கதையையும் கேட்டுவிட்டுப் போங்கள். உட்காருங்கள். இந்தக் கல் சுடாது, வேப்ப மரத்து நிழல் பன்னிரண்டு மணி வரைக்கும் இங்கேதான் விழும். பையை இப்படிக் கொடுங்கள். தரையில் வைத்தால் எறும்பு ஏறும். நான் மடியில் பிடித்துக்கொள்கிறேன்.

நான் பாறைக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஒரு மாதிரி நினைக்காதீர்கள். ஐந்து வாரமாக இப்படித்தான். பார்த்தால் கை பரபரக்கும். கை பரபரத்து என்ன செய்ய, கயிற்றைத் தொடக் கூடாது என்று உத்தரவு. திரும்பாமலே சொல்கிறேன் பாருங்கள்: நீலத் தொப்பியோடு கயிறு பிடித்து நிற்பவர் என் வீட்டுக்காரர், குணாளன். மஞ்சள் சட்டையில் குதித்துக்கொண்டிருப்பது சின்னவன் பரிதி, எட்டு வயது. சிவப்புச் சட்டை பெரியவள், நிறைமதி. பதினொன்று. அவளைப் பற்றித்தான் கதை.

நீங்கள் உங்கள் பையனைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தலாமா வேண்டாமா என்று கேட்கத்தானே வந்தீர்கள்? ரெண்டாவதா படிக்கிறான்? நிறையும் ரெண்டாவதில்தான் நின்றாள். காரணம் கேளுங்கள். பதிமூன்றாம் வாய்ப்பாடு சொல்லும் வரைக்கும் வெளியே நில் என்று டீச்சர் நிறுத்திவிட்டாள். மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்தது முதல் பள்ளி விடும் மணி வரைக்கும். பிள்ளை இரண்டு தடவை, கால் வலிக்குது மிஸ், போதும் மிஸ் என்று கேட்டிருக்கிறது. அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது வராந்தாவில் பாவாடையெல்லாம் நனைந்துபோய் நிற்கிறாள். நான் நேரே தலைமை ஆசிரியை அறைக்குப் போனேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "ஒரு குழந்தை போதும்னு சொன்னா போதும். அதுக்கு மேல ஒரு நிமிஷம் நிறுத்தினாலும் நீங்க டீச்சர் இல்ல, ஜெயில் வார்டன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்றைக்கு மாற்றுச் சான்றிதழ் எழுதிக் கேட்டவள்தான். இன்று வரை அந்தத் தெருவில்கூட நான் நடப்பதில்லை.

எங்கள் வீட்டில் அடி கிடையாது, திட்டு கிடையாது, மணி கிடையாது. எழுந்திருக்க நேரமானால் தட்டில் கரண்டியால் தட்டுவேன், அவ்வளவுதான். ஐந்தரைக்குத் தட்டுவேன். கணக்குக்கு ஒரு தட்டு, தமிழுக்கு ஒரு தட்டு. பாறை வந்த பிறகு கதவு நிலையில் தொங்குவதற்கு ஒரு தட்டு. அறுபது எண்ணும் வரைக்கும் தொங்க வேண்டும். விரலுக்குப் பலம் வர வேண்டாமா? நிறை முதலில் இருபதிலேயே விழுந்துவிடுவாள். விழுந்தால் மறுபடி ஒன்றிலிருந்து. இப்போது எண்பது வரைக்கும் தொங்குகிறாள். எந்தப் பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லிக்கொடுப்பார்கள்?

பாறைக்கு வந்து ஒன்றரை வருஷம் இருக்கும். பிள்ளைகளை வீட்டில் வைத்துப் படிக்க வைக்கிற ஆறு குடும்பம், ஞாயிற்றுக்கிழமை, ஒரு பாறை, ஃபெலிக்ஸ் சார். ஃபெலிக்ஸ் சார்தான் இங்கே எல்லாம். மேலே இரும்பு வளையம் அடித்தது அவர், கயிறு வாங்கியது அவர், வளையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாட்டு மணி கட்டித் தொங்கவிட்டதும் அவர்தான். ஐம்பது அடி. கயிற்றின் ஒரு முனை பிள்ளையின் இடுப்புப் பட்டையில். அது மேலே போய் வளையத்தில் நுழைந்து, இறங்கி, கீழே நிற்கிறவர் இடுப்பில் இருக்கிற பூட்டுக்குள் போகும். பிள்ளை ஏற ஏறக் கீழே இருப்பவர் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பிள்ளை வழுக்கினால் பூட்டு பிடித்துக்கொள்ளும், தொங்கும், விழாது. மணியைத் தொட்டு அடித்தால் முடித்தாயிற்று. வேறு வெகுமதி கிடையாது. மார்க் கிடையாது. அதனால்தான் எனக்கு இது பிடித்தது.

இன்னொன்று சொல்ல வேண்டும், இது சபீனா சொல்லியிருக்க மாட்டாள். பாறையில் அம்மா அப்பா கிடையாது. ஒரு பிள்ளை மேலிருந்து அம்மா என்றால் கீழே கயிறு பிடிக்கிற அம்மாக்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்க்கிறோம். ஒருநாள் அப்படிப் பார்த்ததில் ஒருத்தி கயிறு இழுக்க மறந்துவிட்டாள். அன்றோடு ஃபெலிக்ஸ் சார் ஒரு சட்டம் போட்டார். இடுப்புப் பட்டையில் எட்டு மாதிரி ஒரு முடிச்சு போட்டதிலிருந்து, இறங்கி, அந்த முடிச்சை அவிழ்க்கும் வரைக்கும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். "குணாளன், கயிறு தொளதொளன்னு இருக்கு, தூங்கிட்டியா" என்று பரிதி மேலேயிருந்து கத்துவான். தூங்கினாலும் தூங்குவார், அது வேறு விஷயம். எங்கள் வீட்டுக் குழாய் நான்கு மாதமாகச் சொட்டுகிறது.

எனக்கு அந்தச் சட்டம் பிடித்திருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் என் பெயரை யார் கூப்பிட்டார்கள்? இவர், இங்க பாரு என்பார். தெருவில் நிறை அம்மா. மாமியார் வாயில் எனக்குப் பெயரே கிடையாது. அப்படி இருக்கும்போது, நாற்பது அடி உயரத்திலிருந்து என் மகள் "வசுமதி, பிடிச்சிருக்கியா?" என்கிறாள். நான் கீழேயிருந்து "பிடிச்சிருக்கேன்" என்கிறேன். "ஏறட்டா?" "ஏறு." உடம்பெல்லாம் சிலிர்க்கும். உலகத்தில் யாரும் யாரையும் இப்படி நம்ப மாட்டார்கள் என்று தோன்றும்.

எழுந்திருக்கிறீர்களா? பையன் விளையாடுகிறான், விடுங்கள். ரெண்டு நிமிஷம்தான். இனிமேல்தானே விஷயமே.

சேலத்திலிருந்து என் நாத்தனார் வந்தாள், அமுதவல்லி. வந்த நேரம் முதல் ஆரம்பித்துவிட்டாள். பள்ளிக்கூடம் போகாத பிள்ளையை எவன் வீட்டில் எடுப்பான், பாறையில் தொங்கவிட்டுக் குரங்கு வளர்க்கிறாயா, எங்கள் அண்ணன் சம்பாதிப்பது இதற்கா. அண்ணன் வாயைத் திறந்தாரா? டிவி ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு சிரிக்கிறார். சரி, வாய்ப் பேச்சு வேண்டாம், நேரில் வந்து பாருங்கள் என்று ஞாயிற்றுக்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு இங்கே வந்தேன். குடை, விசிறி, ஒரு டப்பா முறுக்கு. நீங்கள் உட்கார்ந்திருக்கிற இதே கல்லில்தான் உட்கார்ந்தாள்.

நிறை அதுவரைக்கும் மணியைத் தொட்டதில்லை. சபீனா பெண் தொட்டாயிற்று, அவளைவிடச் சின்னது. இன்றைக்கு நீ தொடுகிறாய் என்று காலையிலேயே சொல்லிவிட்டேன். கட்டாயப்படுத்தவில்லை, சொன்னேன். நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு பிடியும் எழுதி வைத்திருக்கிறேன். முதலில் காது மாதிரி ஒரு பிடி, அப்புறம் ஒரு வெடிப்பு, அப்புறம் இட்லி மாதிரி உருண்டையாக ஒன்று. மொத்தம் முப்பத்தொன்று. சனிக்கிழமை ராத்திரி ஒப்பிக்க வைத்தேன். தப்பில்லாமல் சொன்னாள்.

ஏறினாள். நன்றாகத்தான் ஏறினாள். இருபத்தொன்பது வரைக்கும் போய்விட்டாள். மணிக்கு இரண்டே இரண்டு பிடி கீழே. அங்கே நின்றுகொண்டு, "வசுமதி, இறக்கு" என்கிறாள்.

இறக்கு என்றால் இறக்க வேண்டும். அதுதான் இங்கே எல்லோரும் சொல்வது. காரணம் கேட்கக் கூடாது, சமாதானம் சொல்லக் கூடாது, உடனே கயிற்றை விட்டு இறக்கிவிட வேண்டும். எனக்குத் தெரியாதா? ஆனால் அந்த நேரம் பார்த்து அமுதவல்லி முறுக்கைக் கடித்துக்கொண்டு, "அவ்வளவுதானா? இதுக்குத்தானா இவ்வளவு தூரம்?" என்றாள். நீங்களே சொல்லுங்கள். ரெண்டு பிடி. கையை நீட்டினால் மணி. நான் பூட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "இன்னும் ரெண்டு பிடிதான்டா, ஏறு" என்றேன்.

இறக்கு என்றாள். ஏறு என்றேன். கை நடுங்குது என்றாள். ஒரு கையை உதறிக்கொள், வழுக்காமலிருக்கப் பொடி தடவிக்கொள் என்றேன். கயிற்றில் உட்கார்ந்துவிட்டாள், கால் ரெண்டும் தொங்குகிறது. சரி, உட்கார்ந்து ஓய்வெடு, அப்புறம் ஏறலாம் என்றேன். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எவ்வளவு நேரம் என்று அவர்கள் உங்களிடம் என்ன சொன்னார்கள், ஒரு மணி நேரமா? பொய். இருபத்தைந்து நிமிஷம். அமுதவல்லி கையில் கடிகாரம் இருந்தது, அவளே சொன்னாள். இவர் டீ வாங்கப் போயிருந்தார். ஃபெலிக்ஸ் சாரும் மற்றவர்களும் பாறைக்கு அந்தப் பக்கம். கயிற்றில் நானும் நிறையும்தான். மேல்முனையில் அவள், கீழ்முனையில் நான்.

கடைசியில் "அம்மா, இறக்கும்மா" என்றாள்.

மூன்று தடவை சொன்னாள், அம்மா என்று. சட்டப்படி பெயர்தான் சொல்ல வேண்டும். சட்டத்தை மீறினது அவள்தான். அப்படி அவள் கூப்பிட்டதும் எனக்குக் கை இன்னும் இறுகிவிட்டது. ஏன் என்று கேட்காதீர்கள். பிள்ளை பயந்துபோய் அம்மா என்கிறது, பிடித்திருக்கிற கயிற்றை எந்த அம்மா விடுவாள்? 

மணி கேட்டதா? யாரோ தொட்டுவிட்டார்கள். கை தட்டுகிறார்கள் பாருங்கள். சபீனா பெண்ணாக இருக்கும், அது வாராவாரம் அடிக்கும். நீங்கள் இங்கே கவனியுங்கள்.

ஃபெலிக்ஸ் சார் ஓடிவந்தார். என் கைக்குக் கீழே தொங்கிய கயிற்றை அவருடைய பூட்டில் மாட்டிக்கொண்டு, "கையை எடுங்க" என்றார். எடுக்கிறேன் சார் என்கிறேன், கை வரவில்லை. மரத்துப் போயிருந்தது. என் விரலை ஒவ்வொன்றாக அவர்தான் பிரித்தார். பிரித்து, அவரே இறக்கினார். நிறைக்குக் கால் தரையில் ஊன்றவில்லை. இவர் டீ டம்ளர்களை அப்படியே போட்டுவிட்டு வந்து காலைத் தேய்த்துவிட்டார். ஆறு குடும்பமும் சுற்றி நின்று என்னைப் பார்க்கிறது, நான் என்னவோ பிள்ளையைக் கீழே போட்டுவிட்ட மாதிரி. போட்டேனா? கயிற்றை விட்டிருந்தால் தப்பு. நான் விடவே இல்லையே. இருபத்தைந்து நிமிஷம், ஒரு விரல்கூட விடவில்லை. இங்கே பாருங்கள், கயிறு பதிந்த தழும்பு இன்னும் மறையவில்லை. இதை யாராவது பார்த்தார்களா? ஒரு ஆள், வசுமதி, உன் கை வலிக்கிறதா என்று கேட்டார்களா?

ஐந்து ஞாயிறு கயிற்றைத் தொடக் கூடாது என்று ஃபெலிக்ஸ் சார் சொல்லிவிட்டார். மெதுவாகத்தான் சொன்னார், அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது. அன்றிலிருந்து பிள்ளைகளுக்குக் கயிறு பிடிப்பது இவர். இவர் எப்படிப் பிடிப்பார் தெரியுமா? பிள்ளை "இற" என்பதற்குள் இறக்கிவிடுவார். பாதியில் இறக்கு என்றால் பாதியில் இறக்குவார், பத்தடியில் இறக்கு என்றால் பத்தடியில். அப்புறம் மறுபடி ஏறுகிறாயா என்பார், ஏறுகிறேன் என்றால் சரி என்பார். இப்படி ஏற்றி இறக்கி விளையாடினால் எந்தக் காலத்தில் மேலே போவது?

என்னடி நிறை? பேசிக்கொண்டிருக்கிறேன் இல்லையா.

கேட்டீர்களா என்ன சொல்கிறாள் என்று? "வசுமதி, அப்பா கயிறு அவுக்கப் போறாரு. அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை நீ பிடிக்கிறியா? சார்கிட்ட கேட்டுட்டேன், சரின்னுட்டாரு." இடுப்புப் பட்டையைக்கூடக் கழற்றாமல் வந்து நிற்கிறாள்.

ரெண்டு நிமிஷம் நில்லுடி. இந்த அத்தைக்கு இதைச் சொல்லி முடித்துவிட்டு வருகிறேன்.

நிற்கட்டும். நீங்கள் எழுந்திருக்காதீர்கள். ஐந்து வாரமாக நான் இந்த மரத்தடியில் நிற்கவில்லையா? இவளை வைத்துக்கொண்டே சொல்கிறேன், அப்போதுதான் நான் கூட்டிச் சொல்கிறேன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தோம். தோசை சுட்டுக்கொண்டிருக்கிறேன். இவள் தட்டோடு வந்து உட்கார்ந்து, "வசுமதி, சட்னி" என்றாள். விளையாட்டு என்று நினைத்தேன். மறுநாளும் வசுமதி. குளிக்க வெந்நீர் வேண்டுமென்றாலும் வசுமதி, கணக்கு புரியவில்லை என்றாலும் வசுமதி. பக்கத்து வீட்டில் கேட்கிறது. அப்பாவை அப்பா என்கிறாள். என்னை மட்டும் பெயர் சொல்லி. மூன்றாம் நாள் எனக்குத் தாங்கவில்லை. ஏன்டி, பெத்தவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற அளவுக்கு வந்துவிட்டாயா என்று கரண்டியை வீசினேன். அவள் மேல் இல்லை, சுவரில். அப்போது என்ன சொன்னாள் தெரியுமா? சத்தம் போடவில்லை, அழவில்லை. வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள்.

"நீ இன்னும் என்னை இறக்கலையே. சார்தான இறக்கினாரு. இறக்கி முடியிற வரைக்கும் பேருதான் சொல்லணும்."

இது பேச்சா? பதினொரு வயதுப் பிள்ளை பேசுகிற பேச்சா இது? நான்கு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தவளுக்கு இதுதானா? பாங்கு வேலையை விட்டுவிட்டு வந்தேன் இவளுக்காக. நானும் பிடிவாதக்காரிதான். நீ அம்மா என்கிற வரைக்கும் நானும் உன்னிடம் பேச மாட்டேன் என்று நான்கு நாள் பேசவில்லை. நோட்டில் எழுதிக் காட்டினேன், சாப்பிட வா, படு, எழுந்திரு. அசையவில்லை. இவர் நடுவில் வந்து, "ஒரு தடவை பாறைக்குக் கூட்டிட்டுப் போய் அவ சொன்னதும் இறக்கிடேன், முடிஞ்சது" என்கிறார். என்ன முடிந்தது? அப்படி இறக்கினால் நான் செய்தது தப்பு என்று ஆகிவிடாதா? முதலில் அவள் வாயைத் திறந்து கேட்கட்டும், நீயே பிடி என்று அவளாக வந்து கேட்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன். சொன்னேனா இல்லையா? கேளுங்கள் அவளையே. சொல்லுடி.

எங்கே போனாள்?

இப்போது இங்கேதானே நின்றாள். எப்போது போனாள், நீங்கள் பார்த்தீர்களா? நான் கரண்டி வீசினதைச் சொல்லும்போதா? அப்போதே போய்விட்டாளா. ஏன், என் முழங்கையைத் தொட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே நீங்கள்.

அது என்ன சத்தம்? சொத்தென்று.

கயிறு. வளையத்திலிருந்து உருவிவிட்டார்கள். மேலேயிருந்து விழுந்தால் அப்படித்தான் சத்தம் வரும். பாருங்கள் அந்த மனுஷனை, ஒரு நாளும் எதற்கும் அவசரப்படாதவர், இன்றைக்கு எவ்வளவு சுறுசுறுப்பாகச் சுருட்டுகிறார். ரெண்டு நிமிஷம் பொறுக்கக் கூடாதா? ரெண்டு நிமிஷம்தானே கேட்டேன்.

என்ன சொல்கிறீர்கள்? மணியா? எந்தப் பெண்?

சிவப்புச் சட்டையா? சபீனா பெண் பச்சை. சிவப்பு நிறைதான். நிறையா அடித்தாள்? முதலில் கேட்டதே, அந்த மணியா? சரியாகப் பார்த்தீர்களா? நடுவில் ரெண்டு தடவை இறங்கி, மறுபடி ஏறினாளா? அவர் இறக்கிவிட்டாரா? இறக்கிவிட்டுமா ஏறினாள்?

மேலே இருந்து என்னைப் பார்த்தாளா? மணியடித்ததும், இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாளா?

சரி, சொல்ல வேண்டாம்.

முப்பதாவது பிடி கஷ்டம். விரல் நுனிதான் நுழையும். கதவு நிலையில் தொங்கவிட்டிருக்காவிட்டால் அது வந்திருக்காது, அதை மட்டும் அவர்களிடம் சொல்லுங்கள். இன்றைக்கு ஆறு குடும்பமும் குணாளன் குணாளன் என்று கொண்டாடும். அந்த விரல் யார் கொடுத்தது என்று ஒருத்தருக்கும் தோன்றாது.

பரிதி கையாட்டுகிறான். வருகிறேன், போடா. முன்னால் நடக்கட்டும், வண்டி ரோட்டில்தான் நிற்கிறது. அவள் பாருங்கள், அப்பா தோளில் கிடக்கிற கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டே போகிறாள். திரும்பிப் பார்க்க மாட்டாள். எனக்குத் தெரியும். என் பிள்ளை, என் பிடிவாதம்.

நீங்களும் கிளம்பியாயிற்றா? உங்கள் பையனைப் பற்றி நான் ஒன்றுமே சொல்லவில்லையே. நிறுத்துங்கள், பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிடுங்கள், யோசிக்காதீர்கள். வீட்டில் எப்படி நேரம் பிரிப்பது, எதை எப்போது சொல்லிக்கொடுப்பது, எல்லாம் நான் எழுதி வைத்திருக்கிறேன். ரெண்டே ரெண்டு நிமிஷம் உட்கார்ந்தால் இப்போதே சொல்லிவிடுவேன்.

பையா? ஆமாம், என்னிடம்தான் இருக்கிறது. இழுக்க வேண்டாம், கொடுக்கிறேன். வாரில் விரல் மாட்டிக்கொண்டது. இந்தாருங்கள். ஒரு எறும்புகூட ஏறவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.

போங்கள், போங்கள். நான் யாரையும் பிடித்து வைத்திருக்கவில்லையே.